வீட்டுக்கு வந்த கோழி என்ன ரகம்?

திங்கள்சந்தையில் வாங்கியதோ, பக்கத்து விளையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ, ரகம் தெரியாத கோழி என்றால் இறகு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நாட்டுக்கோழியில் எல்லா நிறமும் வரும்.

முதலில் கொண்டை. பெரிய ஒற்றைக் கொண்டை ஒரு பக்கம் சரிந்து, காது மடலும் உடம்பும் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் லெகார்ன் என்ற வெளிநாட்டு முட்டைக்கோழி ரகத்தின் வழி, முட்டையும் வெள்ளையாகத்தான் இடும். பட்டாணியை வரிசையாக வைத்ததுபோலச் சின்னக் கொண்டை, நீண்ட கால், நெஞ்சை நிமிர்த்திய நிற்பு என்றால் அசில், அதாவது சண்டைக்கோழி ரத்தம். கழுத்தில் இறகே இல்லையா? சீக்கு என்று பயப்பட வேண்டாம், கழுத்து மொட்டையாகவே பிறக்கும் ரகம் உண்டு, திருவனந்தபுரம் பக்கம் பழக்கமானதுதான். அப்புறம் இறகை விலக்கிப் பாருங்கள், தோல் கருப்பு, வாயைத் திறந்தால் உள்ளேயும் கருப்பு என்றால் கருங்கோழி, கடக்நாத் ரகமாக இருக்கலாம்.

அலகு நுனி வெட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெட்டியிருந்தால் அநேகமாகப் பண்ணையில் முட்டையிட்டு ஓய்ந்தது. நான் இதைக் கவனிக்காமல் ‘அசல் நாடன்’, அதாவது நாட்டுக்கோழி என்று ஒரு சிவப்புக் கோழிக்கு நாடன் விலையே கொடுத்தேன், அது பண்ணைக்கோழிதான், ஒருநாளும் அடை உட்காரவில்லை.