கம்ப்யூட்டேஷனல் ஃபைனான்ஸ் மேற்படிப்பு: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணிதத்தையும் கணினி நிரலையும் கொண்டு நிதிச் சந்தைகளை ஆராயும் கம்ப்யூட்டேஷனல் ஃபைனான்ஸ் துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சிலர் தங்கள் வரைவுகளை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. நல்ல மதிப்பெண் இருக்கும், உழைப்பு இருக்கும், ஆசையும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் படித்து முடித்த பிறகு ஒரே ஒரு செய்திதான் மனதில் நிற்கும்: இவருக்கு நிதித்துறையில் ஆர்வம் உண்டு. சேர்க்கைக் குழுவுக்கு இது போதவே போதாது, ஏனென்றால் விண்ணப்பித்த அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இவை குறுகிய படிப்புகள். ஆக்ஸ்ஃபோர்டின் முதுநிலைப் படிப்பு 10 மாதம். 1994-இல் தொடங்கிய கார்னகி மெலனின் படிப்பு 16 மாதம், அதிலும் நடுவில் ஒரு கோடைகாலம் பயிற்சிப் பணிக்குப் போய்விடும். சேர்ந்த சில வாரங்களிலேயே ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ், அதாவது தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம், தொடங்கிவிடும், அதே நேரத்தில் வேலைக்கான நேர்காணல்களும் வரும். விட்டுப்போன அடிப்படையை உள்ளே வந்து சரிசெய்துகொள்ள நேரமே கிடைக்காது. அதனால் குழுவில் இருப்பவர்கள் உங்கள் கோப்பைத் திறக்கும்போது தேடுவது ஒன்றைத்தான்: இந்த வேகத்தை இவர் தாங்குவார் என்பதற்கு இங்கே ஆதாரம் இருக்கிறதா? கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை மறந்துவிடுவதால் வருபவை.

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

கம்ப்யூட்டேஷனல் ஃபைனான்ஸ், ஃபைனான்ஷியல் என்ஜினியரிங், மேத்தமட்டிக்கல் ஃபைனான்ஸ், குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. இவற்றுக்கு நடுவே உறுதியான எல்லை எதுவும் கிடையாது. 'மாஸ்டர் இன் ஃபைனான்ஸ்' என்றாலே கணிதம் குறைவான வணிகப் படிப்பு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பிரின்ஸ்டனில் அதே பெயரில் நடப்பதோ கணிதமும் புள்ளியியலும் நிறைந்த படிப்பு.

பெயரை விட, படிப்பை நடத்தும் துறை எது என்பது அதிகம் சொல்லும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இது பயன்பாட்டுக் கணிதத் துறையில் வளர்ந்த படிப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கூரான்ட் கணித நிறுவனம் நடத்துகிறது. பெர்க்லியில் ஹாஸ் வணிகப் பள்ளி நடத்துகிறது. கார்னகி மெலனில் வணிகம், கணிதம், புள்ளியியல், பொதுக் கொள்கை ஆகியவற்றைச் சேர்ந்த நான்கு கல்லூரிகள் கூட்டாக நடத்துகின்றன. கட்டாயப் பாடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னாளில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலையிடல் எத்தனை, புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும் எத்தனை, சி பிளஸ் பிளஸ் உண்டா, இடர் மேலாண்மை எவ்வளவு என்று பார்த்தாலே எந்த வேலைக்கு ஆளைத் தயார் செய்கிறார்கள் என்பது புலப்படும். டிரேடிங் ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ்களின் விலையிடலையே மையமாகக் கொண்ட படிப்பில் சேர்ந்துவிட்டு வருந்துவதில் பயனில்லை.

தரவரிசைப் பட்டியலை விட வேலைவாய்ப்பு அறிக்கை உதவும், ஆனால் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். சராசரிச் சம்பளம் என்று ஒரே ஒரு எண் இருந்தால் நம்பிவிடாதீர்கள். இடைநிலை மதிப்பு என்ன, தகவல் கொடுத்தவர்கள் எத்தனை பேர், படிப்பு முடிந்த அன்றைய கணக்கா அல்லது சில மாதம் கழித்து எடுத்ததா, முன்பே பல ஆண்டு வேலை பார்த்தவர்களும் அதில் அடக்கமா? எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன பதவிகள்? 'நிதி நிறுவனத்தில் வேலை' என்பதில், கணித மாதிரிகளைக் கொண்டு சந்தையை ஆராயும் குவான்ட் ஆராய்ச்சியும் அடங்கும், தினசரி அறிக்கை தயாரிக்கும் வேலையும் அடங்கும்.

முன்தேவையை 'எப்படியோ சமாளிக்கலாம்' என்று நினைப்பது

பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதத்தின் அடிப்படையில் அமைந்த நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள், ஏதேனும் ஒரு நிரல்மொழி. இவ்வளவையும் பொதுவாக எல்லா இடத்திலும் எதிர்பார்ப்பார்கள். இங்கே பொறியியல் படித்தவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் வருகிறது. அவர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றைப் படித்திருப்பார்கள், ஆனால் மதிப்பெண் பட்டியலில் 'பொறியியல் கணிதம் 3' என்று மட்டும்தான் இருக்கும். அதற்குள் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு இருந்ததா ஃபூரியே தொடர் இருந்ததா என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பாடப்பெயர், உள்ளடக்கத்தின் இரண்டு வரிச் சுருக்கம், பாடநூல், மதிப்பெண் என்று ஒரு பக்க இணைப்பு தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவமே இதைக் கேட்கும் இடங்களும் உண்டு. கேட்காவிட்டாலும் கூடுதல் ஆவணம் ஏற்றும் இடம் இருந்தால் அங்கே சேர்க்கலாம்.

உண்மையிலேயே ஒரு பாடம் விடுபட்டிருந்தால், அதைக் கடிதத்தில் நியாயப்படுத்தி எழுதுவதில் பலன் இல்லை. மதிப்பெண் தருகிற ஒரு பல்கலைக்கழக வகுப்பில் சேர்ந்து முடித்துவிடுவதே சரி. இலவச இணையக் காணொளிகளைப் பார்த்துக் கற்றதும் கற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வெழுதி வாங்கிய மதிப்பெண்ணுக்கு உள்ள எடை அதற்குக் கிடைப்பது அரிது. நிகழ்தகவில் குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கும் இதே வழிதான். அடுத்த நிலைப் பாடம் ஒன்றை எடுத்து நன்றாகச் செய்து காட்டினால் பழைய மதிப்பெண்ணின் காட்டம் குறைந்துவிடும்.

'300 சதவீத லாபம் தந்த என் உத்தி'

இந்தத் தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவர்கள்கூட இதில் விழுகிறார்கள். தன் சுயவிவரத்தில் பைத்தானில் எழுதிய ஒரு டிரேடிங் உத்தி, அதன் பிரமாதமான லாபச் சதவீதம், ஒரு மேல்நோக்கிய கோடு. பார்ப்பவருக்கு அது சாதனையாகத் தெரியாது, முதலில் சந்தேகம்தான் வரும். இன்றைய இறுதி விலையைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, அதே இறுதி விலையில் வாங்கியதாகக் கணக்குப் போட்டாரா? இன்றைக்குக் குறியீட்டெண்ணில் இருக்கும் நிறுவனங்களை மட்டும் எடுத்து 10 ஆண்டு பின்னோக்கி ஓட்டினாரா? அப்படியானால் நடுவில் திவாலானவையும் குறியீட்டிலிருந்து தூக்கப்பட்டவையும் கணக்கிலேயே வரவில்லை, தப்பிப் பிழைத்தவற்றை மட்டுமே வாங்கியதாகிறது. தரகுச் செலவும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் கழிக்கப்பட்டனவா? எத்தனை அளவுருக்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, அதில் சிறந்ததை மட்டும் இங்கே வைத்திருக்கிறார்?

அந்தக் கேள்விகளை நீங்களே எழுப்பி, திருத்தி, அதன்பின் லாபம் 300-இலிருந்து 4 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று எழுதினால், அது முன்னதை விடப் பல மடங்கு மதிப்புள்ள வரி. ஒரு குவான்ட் செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

விலையிடல் செய்முறைகளுக்கும் இதுவே பொருந்தும். 'மான்டே கார்லோ முறையில் ஆப்ஷன் விலை கணக்கிட்டேன்' என்பதை ஆயிரம் பேர் எழுதுவார்கள். பங்கு விலை செல்லக்கூடிய பாதைகளைத் தற்செயலாகப் பல முறை உருவாக்கிச் சராசரி எடுப்பதுதான் அந்த முறை. ஒரு பேரியர் ஆப்ஷனை, அதாவது பங்கு விலை குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் செத்துவிடும் வகை ஒன்றை, எடுத்துக்கொள்வோம். கணினியில் நேரத்தைச் சிறு படிகளாக வெட்டித்தான் விலையை ஓட்டுகிறோம். இரண்டு படிகளுக்கு நடுவே விலை எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் நிரலுக்கு அது தெரியாது. அதனால் செத்திருக்க வேண்டிய ஆப்ஷன் உயிரோடிருப்பதாக எண்ணி, விலையை அதிகமாகச் சொல்லும். பாதைகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பிழை போகாது, ஏனென்றால் அது வேறு வகைப் பிழை. பாதைகளைக் கூட்டினால் குறைவது தற்செயல் பிழை மட்டுமே. அதுவும் வர்க்கமூல வேகத்தில்தான் குறையும்: பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதைகள் வேண்டும், பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு. இந்த இரண்டு பிழைகளையும் பிரித்துப் பார்த்தேன், இப்படிச் சரிசெய்தேன் என்று மூன்று வரி எழுதினால் போதும். எழுதியவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நோக்க அறிக்கை

'சிறு வயதிலிருந்தே பங்குச்சந்தை என்னை ஈர்த்தது' என்ற தொடக்கம் வேண்டாம். 2008 நெருக்கடியைப் பற்றிய ஒரு பத்தி வரலாறும் வேண்டாம், படிப்பவர்கள் அதை உங்களை விட நன்கு அறிந்தவர்கள். உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்கள் என்று புகழ்வதும் இடத்தை வீணாக்குவதுதான். வேறு பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது இன்றும் நடக்கிறது, கடைசியில் ஒருமுறை அதற்காகவே படித்துப் பாருங்கள்.

உங்களைக் குடைந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, 1973-இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் மாதிரியில் ஒரு பங்குக்கு ஒரே ஏற்ற இறக்க அளவுதான். ஆனால் 1987 அக்டோபர் சரிவுக்குப் பிறகு, பங்குக் குறியீட்டு ஆப்ஷன் சந்தையில் கீழ்நோக்கிய சரிவுக்குக் காப்பாக வாங்கும் ஆப்ஷன்கள் அந்த மாதிரி சொல்வதை விட விலை கூடுதலாகவே இருந்து வருகின்றன. இது ஏன் என்று யோசித்து, தரவை எடுத்துப் பார்த்து, ஏற்ற இறக்க அளவே மாறிக்கொண்டிருக்கும் என்று கொள்ளும் 1993-இன் ஹெஸ்டன் மாதிரியைப் பொருத்த முயன்று, குறுகிய காலத்தில் முதிரும் ஆப்ஷன்களில் அது சரியாகப் பொருந்தவில்லை என்று கண்டவர், 'ஆகவே எனக்கு இந்த இந்தப் பாடங்கள் தேவை' என்று எழுதும்போது அந்த 'ஆகவே'க்கு ஒரு பொருள் இருக்கிறது. உங்கள் கேள்வி இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உங்களுடையதாக இருந்தால் சரி.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் முழுதாக எழுதி வாங்குபவர்கள் பெருகிவிட்டார்கள். விதி மீறலா இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதை விடுங்கள், அந்த அறிக்கையில் உங்கள் வேலையைப் பற்றிய நுணுக்கம் எதுவும் இருக்காது. அது இல்லாத அறிக்கையை எவர் எழுதியிருந்தாலும் பயன் இல்லை.

பரிந்துரையும் தேர்வு மதிப்பெண்ணும்

உங்களைப் பெயரளவில் மட்டும் அறிந்த பெரிய பதவிக்காரரை விட, உங்கள் நிகழ்தகவு விடைத்தாளைத் திருத்திய உதவிப் பேராசிரியர் மேல். ஆறேழு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே சுயவிவரம், அவர் வகுப்பில் நீங்கள் செய்த வேலை, கடைசி நாள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொல்பவரிடம் மரியாதையாக, குறிப்புகள் மட்டும் தருகிறேன் சார் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அமெரிக்க விண்ணப்பங்களில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுங்கள், அப்போதுதான் கடிதத்துக்கு நம்பகம்.

மேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் கணிதப் பகுதியில் அதிகபட்சம் 170. இந்தப் படிப்புகளுக்கு வருபவர்களில் பலர் அதை ஒட்டியே வாங்கியிருப்பார்கள், எனவே அது உங்களைத் தனித்துக் காட்டாது. 168-ஐ 170 ஆக்க இரண்டு மாதம் செலவழிப்பதை விட அந்த நேரத்தில் நேரியல் இயற்கணிதத்தைத் திரும்பப் படிக்கலாம். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டு செல்லும், ஆங்கிலத் தேர்வுகளான டோஃபல், ஐஇஎல்டிஎஸ் 2 ஆண்டுதான்.

சான்றிதழ் படிப்பும் பட்டமும் ஒன்றென நினைப்பது

'சர்டிஃபிகேட்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. பல்கலைக்கழகம் முதுநிலை அளவிலான பாடங்களை நடத்தி, மதிப்பெண் போட்டு, அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏற்றும் முதுநிலைச் சான்றிதழ் ஒரு வகை. தொடர்கல்விப் பிரிவு, வருகைக்கும் பயிற்சிகளுக்கும் தரும் சான்றிதழ் இன்னொரு வகை. பால் வில்மாட் தொடங்கிய, குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸுக்கான சி.க்யூ.எஃப்., இடர் மேலாளர்களின் சங்கமான கார்ப் தரும் எஃப்.ஆர்.எம். போன்ற தொழில்முறைத் தகுதிகள் மூன்றாவது வகை. எஃப்.ஆர்.எம். வகுப்பே அல்ல. இரண்டு கட்டத் தேர்வும் 2 ஆண்டுப் பணி அனுபவமும் சேர்ந்தால்தான் அந்தத் தகுதி.

சான்றிதழை முதுநிலைப் பட்டத்துக்கு ஏணியாக வைக்க நினைப்பவர் பணம் கட்டும் முன் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பாடங்கள் பின்னால் பட்டத்துக்குக் கணக்கில் வருமா, எத்தனை கிரெடிட் வரை, எத்தனை ஆண்டுக்குள்? சான்றிதழ் மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பிரிவின் உதவி உண்டா? முழுக்க இணையவழியில் நடக்கும் சான்றிதழுக்கு அமெரிக்க மாணவர் விசா கிடைக்காது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வேலையில் இருந்தபடி கணிதத்தைப் புதுப்பிக்க நினைப்பவருக்குச் சான்றிதழ் மிக நல்ல வழி. ஆனால் அங்கே வாங்கும் மதிப்பெண்ணும் நிரந்தரமாகப் பதிவாகும், வேலைச் சுமையில் அரைகுறையாகப் படித்து வாங்கிய குறைந்த மதிப்பெண் பின்னால் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது எதிராகவே நிற்கும்.

நேர்காணலுக்கு மனப்பாடம்

பழக்கமான கேள்வி ஒன்று: ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம், தொடர்ந்து தலை-தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? விடை 6. தலை-பூ விழ? விடை 4. பலர் இரண்டு எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டுக்குமே நிகழ்தகவு கால் பங்குதானே, அப்புறம் ஏன் வேறுபாடு என்று அடுத்த கேள்வி வரும்போது தடுமாறுவார்கள். தலை-பூவுக்குக் காத்திருக்கையில், ஒரு தலை விழுந்த பின் மறுபடி தலை விழுந்தாலும் நட்டமில்லை, அந்தத் தலை கையில் இருக்கிறது. தலை-தலைக்குக் காத்திருக்கையில் பூ விழுந்தால் எல்லாம் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை வாய்விட்டு நிதானமாக விளக்கப் பழகுங்கள். விடை தெரியாதபோதும் யோசனையைச் சத்தமாகச் சொல்பவரை நேர்காணல் செய்பவர்கள் விரும்புவார்கள். அப்புறம், சுயவிவரத்தில் போட்ட ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கேள்வி வரும். சி பிளஸ் பிளஸ் என்று எழுதியிருந்தால் விர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர் எதற்கு என்று கேட்கத்தான் செய்வார்கள்.

தேதிகளும் பணமும்

பல இடங்களில் சேர்க்கை சுற்றுச் சுற்றாக நடக்கும். கடைசிச் சுற்றில் இடம் இருக்கலாம், ஆனால் உதவித்தொகை முன்பே தீர்ந்திருக்கும், விசாவுக்கான காலமும் நெருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு அங்கேயே சிறிது காலம் வேலை பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் படிப்போடு சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படிப்புக்குப் பின் 12 மாதப் பணிப் பயிற்சி உண்டு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம் கேட்கலாம். 'ஃபைனான்ஷியல் மேத்தமட்டிக்ஸ்' அந்தப் பட்டியலில் உண்டு, வெறும் 'ஃபைனான்ஸ்' இல்லை. நீங்கள் சேரும் படிப்பு எந்தக் குறியீட்டின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை எப்போதும் அவகாசம் உண்டு என்பது. அந்த ஏற்பாடு உதவித்தொகையோடு கூடிய இடங்களுக்கானது. சொந்தச் செலவில் படிக்கும் முதுநிலைப் படிப்புகள் பலவும் அதற்கு முன்பே முன்பணம் கேட்கும், கட்டியது பெரும்பாலும் திரும்ப வராது. விண்ணப்பிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் முடிவு வரும் நாள், முன்பணம் கட்டும் கடைசி நாள், தொகை மூன்றையும் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலில் பதில் தரும் இடம் உங்கள் நான்காவது விருப்பமாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் பேசி அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.