புத்தகச் சண்டை தீர்ந்த விதம்

எங்கள் வீட்டில் மகளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. இரவில் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் அவள் பக்கத்தைக் கெதியாகப் புரட்டுவாள், அவன் படம் பார்த்து முடியவில்லை என்று அழுவான். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தும் பார்த்தோம். சண்டை நின்றது, சேர்ந்திருப்பதும் நின்றுபோனது.

அப்புறம் புத்தகத்தை அம்மம்மாவின் மடியில் வைத்தோம். அவருக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, அதனால் அக்கா சத்தமாக வாசிக்க வேண்டும். தம்பி "சரி" என்று சொன்னால்தான் பக்கம் திரும்பும். இது நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஒரு பக்கத்தில் மான் வந்தபோது, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் பார்த்த மானைப் பற்றி அவன் கதைக்கத் தொடங்கிவிட்டான். கொம்பு எத்தனை கிளை என்று அக்காவோடு வாக்குவாதம். கதை அங்கேயே நின்றது, நிற்கட்டும் என்று விட்டோம். எனக்கு அந்த நேரம்தான் வாசிப்பிலேயே பெரிய லாபம்.

நல்ல புத்தகம் கிடைப்பதும் ஒரு பிரச்சினை. பிரதம் புக்ஸ் என்ற இந்தியச் சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கி அச்செடுக்கலாம். வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகள் உண்டு. இருவரும் சேர்ந்து கேட்க எங்களுக்கு இரண்டாம் நிலைதான் சரிவந்தது. பெரிய எழுத்தில் அச்செடுத்தால் அம்மம்மாவும் ஒரு பக்கம் வாசிக்கிறார்.