கல்லூரி முடித்து ராணுவ அதிகாரி: பத்தாவது வருடத்தைக் கணக்கில் எடுத்தீர்களா?

பட்டம் வாங்கிய கையோடு லெப்டினன்ட் ஆகலாம் என்பது பலருக்கும் தெரியும். எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

யுபிஎஸ்சி நடத்தும் ராணுவ அதிகாரித் தேர்வான சிடிஎஸ் எழுதுபவர்களில் பலர் டேராடூனையும் சென்னை பரங்கிமலையையும் பயிற்சி நடக்கும் இரண்டு ஊர்களாக மட்டுமே பார்க்கிறார்கள். டேராடூன் ஐஎம்ஏவில் (இந்திய ராணுவ அகாடமி) 18 மாதப் பயிற்சி, நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு பெறும் வயது வரை அதிகாரிப் பதவி. பரங்கிமலை ஓடிஏவில் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) 49 வாரம், குறுகிய கால கமிஷன். அதாவது 10 வருட வேலை, நீட்டித்தால் இன்னும் 4. தோளில் அதே இரண்டு நட்சத்திரம், அதே ஆரம்பச் சம்பளம் என்பதால் வித்தியாசம் அப்போது உறைக்காது. வீட்டிலும் "சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை, பென்ஷன் உண்டு" என்று ஊருக்கே சொல்லிவிடுவார்கள். அதிகாரிக்கு வழக்கமான ஓய்வூதியம் வர 20 வருட சர்வீஸ் வேண்டும். 14 வருடத்தில் வெளியே வருபவருக்குப் பணிக்கொடை உண்டு, மாதாமாதம் பென்ஷன் கிடையாது.

சரி, பத்தாவது வருடம் நிரந்தர கமிஷன் கேட்டுக்கொள்ளலாமே? கேட்கலாம், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. தேர்வு வாரியம் உட்கார்ந்து, மேலதிகாரிகள் வருடாவருடம் எழுதிய ரகசிய அறிக்கைகளைப் பார்க்கும். இளம் கேப்டனாக இருந்தபோது ஏனோதானோவென்று முடித்த கோர்ஸ் அங்கே வந்து குறுக்கே நிற்கும். பெண்களுக்கும் நிரந்தர கமிஷன் தரச் சொல்லி 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண் அதிகாரிகளில் பெரும்பாலோருக்கும் இதே கணக்குதான்.

பதவி உயர்விலும் ஒரு மனக்கோட்டை உண்டு. 6 வருடத்தில் மேஜர், 13இல் லெப்டினன்ட் கர்னல் என்பது துறைத் தேர்வுகளை முடித்தால் காலக்கிரமத்தில் வரும். கர்னல் அப்படி அல்ல, அங்கிருந்து வடிகட்டல் ஆரம்பம்.

கணக்குக்குப் பயந்து சிடிஎஸ் பக்கமே போகாதவர்களும் இருக்கிறார்கள். ஓடிஏவுக்குக் கணக்குத் தாளே கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும்தான். அதைவிட வருத்தம், மூன்றாம் வருடம் என்சிசியை விட்டுவிடுவது. 'சி' சான்றிதழை நல்ல கிரேடில் வாங்கியிருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எஸ்எஸ்பிக்கு மனப்பாடக் கதைகளோடு போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஐந்து நாள் கூடவே வைத்துப் பார்ப்பவர்களிடம் வேஷம் நிற்காது.

இருபத்து மூன்றில் சேர்ந்தவர் முப்பத்து மூன்றில் வெளியே நிற்பார். அடுத்த வேலையை ஒன்பதாவது வருடக் கடைசியில் யோசிப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் குறைந்தது 5 வருடம் சேவை செய்த குறுகிய கால அதிகாரிகளுக்கு 5 வருட வயதுத் தளர்வு உண்டு. ஆனால் ஒப்பந்தக் காலத்தை முடித்து வர வேண்டும், நடுவில் மனசு வெறுத்து ராஜினாமா எழுதினால் அது கைநழுவலாம். படையை விட்டு வெளியேறுபவர்களுக்கான பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் ஐஐஎம் போன்ற இடங்களில் நடத்தும் மேலாண்மைப் படிப்புகளையும் யூனிஃபார்மில் இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.