யானைமலையில் டைனோசர் முட்டை கிடைக்காது

போன வருஷம் மதுரைக்குப் பக்கத்து ஒத்தக்கடையில் இருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பையன் என்னைத் தேடி வந்தான். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஓர் உருண்டைக் கல். யானைமலை அடிவாரத்து வயல் ஓரத்தில் கிடந்ததாம். செல்போனில் படம் எடுத்து ஏதோ ஒரு செயலியில் போட்டிருக்கிறான், அது "டைனோசர் முட்டை" என்று சொல்லிவிட்டது. "அறிவியல் கண்காட்சிக்கு வைக்கலாமா சார்?" என்று கேட்டான். அவ்வளவு ஆசையோடு கேட்டவனிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். ஏன் இல்லை என்று விளக்கவே அன்று சாயங்காலம் முழுதும் ஆனது. அப்போது பேசியவற்றோடு, இந்தப் பக்கத்து மாணவர்களின் ஆய்வு நோட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

கையில் இருக்கும் கல்லை அப்புறம் பார்ப்போம், அந்த இடத்துப் பாறை என்ன பாறை என்று முதலில் பார்ப்போம் என்றேன். மதுரையைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளில் பெரும்பாலானவை உருமாறிய பாறைகள். நாம் பொதுவாகக் கருங்கல் என்கிறோம், கல்குவாரிக்காரர்கள் கிரானைட் என்கிறார்கள், நிலவியலில் நைஸ், சார்னோக்கைட் என்று பிரிப்பார்கள். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி சூட்டில் வெந்து, அழுத்தத்தில் கசங்கி உருவானவை. அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். டைனோசர்கள் பூமியில் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். முட்டையிட டைனோசரே இல்லாத காலத்தில் வெந்து இறுகிய பாறைக்குள் முட்டை எப்படி வரும்?

சரி, கல் ஏன் உருண்டையாக இருக்கிறது? பாறை விரிசல்களில் மழைத்தண்ணீர் இறங்கும்போது மூலைகளைத்தான் அதிகம் அரிக்கும், ஏனென்றால் மூலைக்கு மூன்று பக்கமும் தண்ணீர் படுகிறது. நாளாக ஆக மூலை மழுங்கி, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து, கடைசியில் நடுக்கல் உருண்டையாக நிற்கும். உரிந்த அந்தத் தோலைத்தான் பையன் முட்டை ஓடு என்று நினைத்திருந்தான். செயலியைக் குறை சொல்லியும் பயனில்லை. அது படத்தில் தெரியும் வடிவத்தை மட்டும்தான் பார்த்தது. கல் எந்த ஊரில், எந்தப் பாறை மேல் கிடந்தது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதே தவறு பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் முட்டை வடிவக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் படங்கள் பரவின. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகி உண்டான உருண்டைகள் என்றார்கள். அம்மோனைட் என்பது கடலில் வாழ்ந்து அழிந்துபோன, சுருண்ட ஓடுள்ள உயிரினம். அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. என்னைக் கேட்டால் முட்டையை விட இதுதான் பெரிய செய்தி, ஆனால் முட்டை இல்லை என்று தெரிந்ததும் பலர் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

ஆக, புதைபடிவம் தேடுகிறவர்கள் மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறைக்குப் போக வேண்டும். மதுரையை விட்டுக் கிழக்கே போனால் சிவகங்கைப் பக்கம், இந்தியா தென்கண்டங்களோடு ஒட்டியிருந்த கோண்டுவானாக் காலப் படிவுகள் உண்டு. வடக்கே அரியலூர் இருக்கிறது. ஆனால் "சுண்ணாம்புக்கல் இருந்தால் சிப்பியும் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பந்தல்குடியில் கிடைப்பதும் சுண்ணாம்புக்கல்தான், எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் நுரைக்கத்தான் செய்யும். ஆனால் அது வெந்து, பளிங்கு போலப் படிகமாகிவிட்ட சுண்ணாம்புக்கல். உள்ளே எந்த உயிரின் தடம் இருந்திருந்தாலும் அந்தச் சூட்டிலேயே அழிந்திருக்கும். அரியலூர் சுண்ணாம்புக்கல் அப்படி வேகவில்லை. பெயரும் ரசாயனமும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் பட்டது வேறு வேறு.

ஏமாற்றும் கற்கள் இன்னும் இரண்டு உண்டு. பாறை விரிசலில் மாங்கனீசு ஆக்சைடு கிளை கிளையாகப் படிந்து, பார்க்க அச்சு அசல் பெரணி இலை போல இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இலை நரம்பு இருக்காது, கிளைகளும் ஒழுங்கில்லாமல் ஓடும். இன்னொன்று சுக்கான்கல். மரவேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி, வேர் மக்கிப் போனபின் நடுவில் ஓட்டையோடு நிற்கும் குழாயை எலும்பு என்று எடுத்து வருகிறார்கள்.

கல் எதுவாக இருந்தாலும், எடுத்த இடத்தைக் குறிக்காமல் எடுத்து வருவதுதான் திருத்தவே முடியாத தவறு. மற்ற தவறுகளைப் பிறகு சரிசெய்யலாம். இடம் தொலைந்தால் அது அழகான கல், அவ்வளவுதான். தூக்குவதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. 1980களில் அதற்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் எலும்புகள் சிதைந்து போய்விட்டன. ரொம்ப காலத்துக்கு உலகத்துக்குக் காட்டக் கோட்டோவியங்கள்தான் இருந்தன, அதனால் அது எலும்புதானா, கல்மரமா என்றுகூடச் சந்தேகம் கிளம்பியது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சுத்தியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டி இங்கெல்லாம் சமணர் படுக்கைகளும் கல்வெட்டுகளும் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே ஒரு சில்லு கூட உடைக்கக் கூடாது. கீழே உதிர்ந்து கிடப்பதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வயதுக்கு வருவோம். அதிகம் குழப்பம் இங்கேதான். "கார்பன் டேட்டிங் பண்ணிப் பார்க்கலாமே" என்று கருங்கல் சிலைக்கும் சொல்கிறார்கள், டைனோசருக்கும் சொல்கிறார்கள். கார்பன்-14 உயிரோடு இருந்த பொருளுக்குள் இருப்பது. உயிர் போன நாளில் இருந்து குறையத் தொடங்கும், 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சுமார் 50,000 ஆண்டு கடந்துவிட்டால் அளக்கும்படி மிச்சம் இருக்காது. அதனால்தான் சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் கற்கருவிகளுக்கு அந்த முறை உதவவில்லை. கல் மண்ணுக்குள் புதைந்தபின் அதிலுள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளந்து, அவை சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011-ல் வெளியிட்டார்கள். யானைமலை மாதிரிப் பாறைக்கோ, அதற்குள் இருக்கும் சிர்கான் என்ற சிறு கனிம மணியில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த மணியிலும் நடுப்பகுதி ஒரு வயதும், பின்னால் சூட்டில் வளர்ந்த விளிம்பு வேறு வயதும் காட்டும். முழு மணியையும் கரைத்துச் சராசரி எடுத்தால் எந்தக் காலத்திலும் நடக்காத ஒரு நிகழ்வுக்குத் தேதி கிடைக்கும்.

கரித்துண்டுக்கு வரும் தேதி பானைக்கு வந்த தேதி அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். இருநூறு வருஷத்து மரத்தின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, எரித்திருந்தால், எரித்த நாளை விட இருநூறு வருஷம் வரை முந்திய தேதிதான் வரும், ஏனென்றால் வைரம் அப்போதே வளர்வதை நிறுத்திவிட்டது. நெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஒரு பருவத்துப் பயிர். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பானைக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று வந்த தேதியை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

கீழடி விஷயத்தில் ஒரு மாணவியின் நோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கெட்டிக்காரப் பெண், கணக்கில் ஒரு பிழையும் இல்லை. 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட முடிவுகளில், 353 செ.மீ. ஆழத்துக் கரிக்குக் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்துக் கரிக்குக் கி.மு. 205 என்று இருந்தது. அவள் இரண்டையும் கோட்டால் இணைத்தாள். 153 செ.மீ.க்கு 375 ஆண்டு, அதாவது ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 2.45 ஆண்டு. அந்தக் கோட்டைக் கீழே நீட்டி, ஆறு மீட்டர் தோண்டினால் கி.மு. 1185 வரும் என்று எழுதியிருந்தாள். படிக்க உற்சாகமாகத்தான் இருந்தது. "இதே கோட்டை மேலே நீட்டிப் பாரு பாப்பா" என்றேன். 200 செ.மீ.க்கு 490 ஆண்டு. தரைமட்டம் வரும்போது ஏறக்குறைய கி.பி. 285. அப்படியானால் இன்று நாம் நிற்கும் தென்னந்தோப்பு மண் மூன்றாம் நூற்றாண்டோடு நின்றுவிட்டதா? மேலே பொய்க்கும் கோடு கீழே மட்டும் எப்படி மெய்யாகும்?

மண் ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து படிவதில்லை. வைகை பெருகினால் ஒரே ராத்திரியில் ஒரு சாண் படியும். அப்புறம் நூறு வருஷம் ஒன்றும் படியாது. யாராவது உறைகிணறு தோண்டினால் மேல்மண் கீழேயும் கீழ்மண் மேலேயும் போகும். ஆழத்தைத் தேதியாக்கும் முன்னால் அடுக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். கூடவே இன்னொன்று. கி.மு. 800 முதல் 400 வரை உள்ள காலத்துக்கு, ரேடியோ கார்பன் அளவைக் காலண்டர் ஆண்டாக மாற்றும் வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தப் பகுதியில் விழும் ஒரு மாதிரிக்குப் பல நூறு ஆண்டு அகலமுள்ள விடை வருவது சகஜம். இதைச் சொன்னால் கீழடியைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். கீழடி மேல் அக்கறை இருப்பதால்தான் சொல்கிறேன். ஒற்றைத் தேதி மேல் அவ்வளவு பாரத்தையும் ஏற்றாமல், வேறு வேறு குழி, வேறு வேறு அடுக்கு, முடிந்தால் தானியம் என்று மாதிரிகளைப் பெருக்கினால் யாரும் அதை அசைக்க முடியாது.

கணினிப் பக்கம் வரும் தவறுகளில் அதிகம் பார்ப்பது அட்சரேகை, தீர்க்கரேகைக் குழப்பம். மதுரையில் 9 பாகை 55 நிமிடம் 30 நொடி என்று குறித்ததை அட்டவணையில் 9.5530 என்று அடிக்கிறார்கள். சரியான தசம மதிப்பு 9.925. தீர்க்கரேகையிலும் 78 பாகை 7 நிமிடத்தை 78.07 என்று அடித்தால், மதுரையில் எடுத்த மாதிரி வரைபடத்தில் நாற்பது கிலோமீட்டர் தெற்கே, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் போய் விழும். நிமிடத்தை 60 ஆலும் நொடியை 3600 ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். அதற்காகப் போன் காட்டும் எட்டுத் தசம இலக்கத்தையும் எழுத வேண்டாம். ஐந்தாவது இலக்கமே சுமார் ஒரு மீட்டர். போனோ சில மீட்டர் தவறும் கருவி.

நடுவழியில் எண்ணைச் சுருக்குவதும் ஆபத்து. 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கைப் பாதியில் இருந்து மறுபடி ஓட்ட, 0.506127 என்பதற்குப் பதில் தாளில் அச்சாகியிருந்த 0.506-ஐக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் முழு வானிலையும் வேறாகிவிட்டது. எல்லாக் கணக்கும் அப்படிச் சிதறாது, ஆனால் எது சிதறும் என்று முன்கூட்டித் தெரியாதபோது கடைசியில் மட்டும் சுருக்குவது நல்லது.

கணினி கோடிக்கணக்கில் சோதித்துவிட்டதே, போதாதா என்று கணிதம் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். n²+n+41 என்பதில் 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40 போடுங்கள், 1681 வரும், அது 41×41. 1919-ல் போல்யா என்ற கணித அறிஞரின் ஊகம் ஒன்று வந்தது. எந்த எண் வரை எண்ணினாலும், பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும் எண்கள் பாதிக்குக் குறையாது என்றது. அது முதலில் பொய்க்கும் இடம் 90,61,50,257. தொண்ணூறு கோடி தடவை சரியாக வந்த பிறகு! கல்லுக்கு இவ்வளவு கறாராக நிரூபணம் கேட்க முடியாது. ஆனால் ஐந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு "உசிலம்பட்டி வட்டாரம் முழுதும்" என்று எழுதப் போகும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம். இருபது அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே ஒரு ஜோடி பொருந்தியதும் அதை மட்டும் எழுதி மற்றதை மறைப்பதும் இதே வகைத் தவறு. அத்தனை ஜோடிகள் இருந்தால் தற்செயலாகவே சில பொருந்தும்.

பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வயல் ஓரத்துக்கு மறுபடி போய், கல் கிடந்த குழியைத் தேடிப் பிடித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வந்தான். கண்காட்சியில் அந்தக் கல்லையே வைத்தான். அட்டையில் அவன் கையெழுத்தில் இப்படி இருந்தது: "நைஸ் பாறை, தோலுரிந்து உருண்டையானது. இடம்: யானைமலை அடிவாரம், பிழை சுமார் 5 மீட்டர். பாறை உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இது படித்துத் தெரிந்தது, நான் அளந்ததல்ல."