'விலைபோய்விட்டீர்களா?' என்று கேட்காமல் ஒரு டிரான்ஸ் இசை டிஜேவைப் பேட்டி காண்பது

டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையில் உலகப் பெயர் பெற்ற டிஜே ஒருவரைப் பேட்டி காணும் வாய்ப்பு கிடைத்தவர், கேள்விகளை எழுத உட்காரும்போதே ஒரு கேள்வியை அடித்துவிடுவது நல்லது. 'நீங்கள் விலைபோய்விட்டதாக ரசிகர்கள் சொல்கிறார்களே, அதற்கு உங்கள் பதில் என்ன?' என்பதே அந்தக் கேள்வி. அதற்கு அவர் பலமுறை பதில் சொல்லியிருப்பார். கலைஞன் ஒரே இடத்தில் நிற்க முடியாது என்ற வகையில் ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். ஆனால் அவர் காசுக்காக மாறிவிட்டாரா என்ற ரசிகர்களின் சண்டையைத் தொடாத பேட்டியை யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே அதைத் தொட வேண்டும். அவருடைய குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டாகத் தொடாமல், அவர் எடுத்த முடிவுகளைப் பற்றிய கேள்விகளாக உடைத்துத் தொட வேண்டும்.

டியெஸ்டோவை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் பிரெடா நகரில் 1969இல் பிறந்த டைஸ் வெர்வெஸ்ட்தான் அவர். 'இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்' என்ற பாடல் தொகுப்பு வரிசையை 1999இல் தொடங்கினார். 2002, 2003, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளும் 'டிஜே மேக்' இதழின் வாசகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றார். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது அரங்கில் ஒலித்தது அவருடைய இசை. 2009இல், தானே நிறுவியவர்களில் ஒருவராக இருந்த பிளாக் ஹோல் இசை வெளியீட்டு நிறுவனத்தை விட்டு விலகி, மியூசிக்கல் ஃப்ரீடம் என்ற புதிய லேபிளை (வெளியீட்டு நிறுவனத்தை) தொடங்கி, 'கலைடாஸ்கோப்' ஆல்பத்தை வெளியிட்டார். டிரான்ஸை விட்டு விலகி, ஹவுஸ் என்ற வேறொரு நடன இசையின் பக்கமும் பாப் பக்கமும் அவர் திரும்பியதாகப் பழைய ரசிகர்கள் குறிப்பிடும் ஆண்டு அதுதான். 2015இல் ஜான் லெஜண்டின் 'ஆல் ஆஃப் மீ' பாடலின் ரீமிக்ஸுக்காக (மாற்றி அமைத்த வடிவத்துக்காக) அவருக்கு கிராமி விருது கிடைத்தபோது, ஒரு தரப்பார் கொண்டாடினார்கள்; மறுதரப்பாருக்கு அதே விருது குற்றச்சாட்டுக்கான சாட்சியாகிவிட்டது.

இந்தச் சண்டையில் சேருவதற்கு முன் ஒரு வரலாற்று உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ரசிகர்கள் பொற்காலம் என்று ஏங்கும் 1999, 2000 ஆண்டுகளிலேயே டிரான்ஸ் பெரிய வணிகமாகத்தான் இருந்தது. ஜெர்மானிய டிஜே ஏடிபி வெளியிட்ட '9 பிஎம்' பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 1999இல் முதலிடத்துக்குப் போனது. டெலீரியம் குழுவின் 'சைலன்ஸ்' பாடல், டியெஸ்டோ உள்ளிட்டோரின் ரீமிக்ஸ்களோடு, மறு ஆண்டு அதே பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. ஆகவே 'அன்று கலை, இன்று காசு' என்ற கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனால், பட்டியலை நினைவில் வைத்திருக்கும் டிஜே ஒரே வாக்கியத்தில் உங்களை மடக்கிவிடுவார். அவ்வாறு மடக்கப்படுவதும் சில சமயம் நல்ல பேட்டிக்கு வழிவிடும் என்பது வேறு கதை.

ரசிகர்களின் குறைகளை நேரம் எடுத்துப் படியுங்கள். ஒரே கூச்சலாகக் கேட்டாலும், அதற்குள் ஒலி மாறிவிட்டது என்பவர், மேடையில் முன்போல் மணிக்கணக்கில் வாசிப்பதில்லை என்பவர், நுழைவுச்சீட்டின் விலை தாங்கவில்லை என்பவர் என வெவ்வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். மூவரின் குறையையும் ஒன்றாகக் குழைத்து 'ரசிகர்கள் ஏமாந்திருக்கிறார்கள்' என்று சொன்னால் அது யாருடைய குறையும் ஆகாது. ஒவ்வொரு தரப்பிலிருந்தும் கூர்மையாகச் சொல்லப்பட்ட ஒரு வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வசவுகளை விட்டுவிடுங்கள். டிஜேவின் பக்கம் நிற்பவர்களின் வாதத்தையும் அதே கவனத்துடன் எடுத்துச் செல்ல வேண்டும்; பேட்டியாளர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டு, புகார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப்போல உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த வேலை, கையில் கடிகாரத்துடன் பாடல்களைக் கேட்பது. என்னளவில் தயாரிப்பின் பாதி இதுதான். டிரான்ஸின் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 132 முதல் 140 துடிப்புகள். 138 வேகத்தில் ஓடும் ஒரு பாடலில், தாளம் விலகி மெட்டு மட்டும் மிதக்கும் பிரேக்டவுன் 32 பார் (ஒரு பார் என்பது நான்கு துடிப்புகள்) நீளம் இருந்தால், அது 128 துடிப்புகள், அதாவது சுமார் 56 விநாடிகள். எட்டு நிமிடப் பாடலில் அந்த 56 விநாடிகள் ஒரு மூச்சு வாங்கும் இடம். அதே பிரேக்டவுனை மூன்று நிமிட வானொலி வடிவத்தில் வைத்தால், பாடலில் மூன்றில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். எனவே அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். 'சைலன்ஸ்' பாடலுக்கு டியெஸ்டோ செய்த நீண்ட ரீமிக்ஸ் 11 நிமிடத்தைத் தாண்டுகிறது. வானொலிக்கென வெட்டப்பட்ட வடிவம் அதில் பாதிகூட இல்லை. வணிக அழுத்தம் என்பது கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான். 'இந்தப் பாடலில் பிரேக்டவுனை 16 பாராகக் குறைத்திருக்கிறீர்கள். அதை முடிவு செய்தது யார், எந்தக் கட்டத்தில்?' என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தயாரான பதில் எவரிடமும் இருக்காது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஐரோப்பிய டிஜேவுடன் ஒரு விடுதி அறையில் எனக்கு 15 நிமிடங்கள் தரப்பட்டன. இரண்டாவது கேள்வியாகவே விலைபோன கதையை எடுத்தேன். அவர் புன்னகை மாறாமல் இரண்டு வாக்கியங்கள் சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த தன் கைபேசியைத் திருப்பி வைத்தார். சுவரோரம் நின்ற அவருடைய உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிடங்கள் வறண்டுபோயின. கேட்பதற்கு வேறொன்றும் இல்லாமல், அவருடைய பழைய தொகுப்பு ஒன்றில் மூன்றாவது பாடல் நான்காவதில் கலக்கும் இடத்தில் ஏன் இரண்டு மெட்டுகளும் லேசாக மோதுகின்றன என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மோதலைத் தவறு என்று லேபிள்காரர்கள் திருத்தச் சொன்னதையும், தான் மறுத்ததையும், இன்றானால் மறுத்திருப்பேனா என்பது தனக்கே சந்தேகம் என்பதையும் தானாகவே சொல்லி முடித்தார். நான் வந்த காரியம் அந்தக் கடைசிச் சொல்லில் இருந்தது.

எனவே கேள்விகளின் வரிசையை இப்படி அமைப்பது நலம்: முதலில் ஒரு பாடலின் உள்ளே நுழையும் கேள்வி, பிறகு அந்தப் பாடலைச் சுற்றியிருந்த மனிதர்கள், அதன்பின் பணம். பணத்தைப் பற்றி 'எவ்வளவு வாங்குகிறீர்கள்?' என்று கேட்டால் கதவு மூடிவிடும். அந்தப் பணம் எந்த இடத்தில் எதை மாற்றியது என்று கேட்பதே பலன் தரும். 2013இல் லாஸ் வேகஸின் எம்ஜிஎம் கிராண்ட் விடுதியில் ஹக்காசான் கிளப் திறந்தபோது, அங்கே தொடர்ந்து வாசிப்பவர்களில் ஒருவரானார் டியெஸ்டோ. மேசையை விலைகொடுத்துப் பிடித்து உட்காரும் கூட்டத்துக்கும், அதிகாலைவரை நின்று ஆட வந்த கூட்டத்துக்கும் ஒரே செட்டை (பாடல் வரிசையை) வாசிக்க முடியுமா, எந்தப் பாடலை எடுத்துவிட நேர்ந்தது என்ற கேள்வியில், தொகையைக் கேட்காமலே பணத்தின் எடை தெரிந்துவிடும்.

இன்னொரு கைப்பிடி புனைபெயர்கள். நெதர்லாந்தின் மற்றொரு டிரான்ஸ் டிஜே ஆர்மின் வான் பூரன் 2013இல் டிரெவர் கத்ரி பாடிய 'திஸ் இஸ் வாட் இட் ஃபீல்ஸ் லைக்' பாடலால் வானொலிகளைப் பிடித்தார். அந்த நாட்களிலும் 2001இல் தொடங்கிய 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' வாராந்திர நிகழ்ச்சியை விடாமல் நடத்தினார். சில டிரான்ஸ் பாடல்களை கையா என்ற வேறு பெயரில் வெளியிட்டார். டியெஸ்டோவும் 2020 முதல் வெர்வெஸ்ட் என்ற தன் குடும்பப் பெயரையே புனைபெயராக்கி, மெல்லிய ஹவுஸ் பாடல்களைத் தந்திருக்கிறார். 'இந்தப் பாடலை உங்கள் பெரிய பெயரில் வெளியிடாமல் விட்டது ஏன்?' என்று கேட்டால், தன் பெயர் ஒரு வணிகச் சின்னமாகிவிட்டதை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பது தானே வெளிவரும். சண்டையின் மையமும் அதுதான்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னால், தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். மேடைக்குப் பின்புறம் பேட்டி என்றால், தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் என்பதால், இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். ஒன்றை அவருக்கு ஒரு சாண் தொலைவிலேயே வையுங்கள். பெயர்களைச் சரிபாருங்கள்: டியெஸ்டோ டிரான்ஸாக்கிய 'அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்' இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 1930களின் படைப்பு, டியெஸ்டோவுக்கு முன்பே வில்லியம் ஆர்பிட் அதை மின்னணு வடிவில் தந்திருக்கிறார். இதில் தடுமாறினால், அதற்குப் பிறகு நீங்கள் கேட்பதை அவர் பாதிக் காதோடுதான் கேட்பார்.

எழுதும்போது, ரசிகரின் வாதத்தையும் டிஜேவின் பதிலையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கிய இடத்தை, தயங்கினார் என்றே எழுதுங்கள். தலைப்பை மட்டும் வேறு யாரிடமும் விட்டுவிடாதீர்கள். 'இன்றானால் மறுத்திருப்பேனா என்பது சந்தேகம்' என்று அவர் சொன்னதை ஆசிரியர் குழுவில் யாரோ ஒருவர் 'பணத்துக்காக மாறினேன்: பிரபல டிஜே ஒப்புதல்' என்று மாற்றிவிட்டால், அடுத்த முறை அந்த அறைக்குள் உங்களுக்குப் பதினைந்து நிமிடம்கூடக் கிடைக்காது.