மதுரை வீட்டை வாடகைக்கு விட்டு வந்தவர்களுக்கு: அட்வான்ஸில் எதைப் பிடிக்கலாம்?

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் வங்கிக் கணக்கு, சிம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். அண்ணா நகரிலோ திருநகரிலோ விட்டு வந்த வீடு, குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்று போன் போடும்போதுதான் ஞாபகம் வரும். சாவி வாங்கப் போகும் சித்தப்பா, "ஒரு மாச வாடகையப் பெயிண்டுக்குப் பிடிச்சுக்கிருவோம்ப்பா, எல்லாரும் அப்படித்தான்" என்பார். உடனே சரி சொல்லிவிடாதீர்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 2-ஆம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் கணக்கில்தான் வைத்திருக்கிறது. தண்ணீர் திறக்கும் டேப் மாற்றுவது, சுவிட்சு, சாக்கெட், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருப்பவர் பாடு. அட்வான்ஸில் நியாயமான கழிவு போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சண்டை வருவது தேய்மானம் எது, சேதம் எது என்பதில்தான். போர் தண்ணீர் உப்பாக வருகிற தெருவில் குழாயெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும், அதற்கு அவர் என்ன செய்வார்? காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, சோபா உரசிய தடம், வெயிலில் வெளிறிய கதவு எல்லாம் தேய்மானம். சமையல் மேடை கிரானைட்டில் தேங்காய் உடைத்து விளிம்பு பெயர்ந்திருந்தால், ஏசியைக் கழற்றிக்கொண்டு சுவரில் பெரிய ஓட்டையை மட்டும் விட்டுப் போயிருந்தால் அது சேதம், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பத்து வருஷம் ஓடிய மோட்டார் எரிந்துபோனதற்குப் புது மோட்டார் விலையை அவர் தலையில் கட்டுவது, என்னைக் கேட்டால், அநியாயம். ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டவர்களுக்குக் கையில் பெரிய தொகை இருப்பதால் இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

எதைக் கேட்டாலும் ஆதாரம் வேண்டும். குடிவைக்கும் அன்றே அறை அறையாக வீடியோ எடுத்து, தேதியோடு குடியிருப்பவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மேடை விளிம்பு, கழிப்பறைக் கோப்பை, ஈபி மீட்டர் ரீடிங் இவற்றைக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். காலி செய்யும் அன்றும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே இடங்களை எடுக்க வேண்டும், அவர் போன பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கடைசி ரீடிங்கிலிருந்து ஓடிய யூனிட்டுக்கும் அன்றைக்கே கணக்குப் பார்த்துவிடுங்கள். அப்புறம் கொத்தனார், பிளம்பர் பில்லைக் காட்டிக் கழியுங்கள், சித்தப்பாவின் வாய்க்கணக்கு வேண்டாம்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிந்து வைப்பது முக்கியம். தகராறு வந்தால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரிதான் அங்கே பார்ப்பார், பதியாத ஒப்பந்தத்தோடு போனால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். உங்களுக்காகச் சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டுமானால் பவர் பத்திரம் வேண்டும். இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள், ஊரில் கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டச் சொல்லுங்கள்.