குதிரைக்குப் பூச்சி மருந்து குடுக்கிறதுல நம்மாளுங்க பண்ற தப்புங்க

மழை ஆரம்பிச்சாச்சு, நம்ம தென்னாப்பிரிக்காவுல டோங்காட் வெருலம் பக்கமெல்லாம் புல்லு தளதளன்னு நிக்குது, இனிமே கோஆப்ல (விவசாயப் பொருள் கடையில) போய் பூச்சி மருந்து, அதாவது குடல் புழுவைக் கொல்ல வாயில அழுத்துற சிரிஞ்ச் பேஸ்ட், வாங்குறவங்க கூட்டம்தான். நம்மாளுங்க நிறைய பேருக்கு ஒரு கணக்கு உண்டு, தீபாவளிக்கு ஒரு சிரிஞ்ச், ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சிரிஞ்ச். உண்மையச் சொன்னா இந்தக் கணக்கு அவ்வளவு மோசமில்ல, ஒண்ணு மழை ஆரம்பம், இன்னொண்ணு மழை முடியுற நேரம், வளந்த குதிரைக்கு அது ஓரளவு பொருந்தும். மோசம் எதுன்னா எட்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கிட்டு தேவையோ இல்லையோ எல்லாக் குதிரை வாயிலயும் அழுத்துறது.

இந்த எட்டு வாரக் கணக்கு 1966ல அமெரிக்காவுல கென்டக்கில ட்ரட்ஜ், லயன்ஸ்னு ரெண்டு பேர் சொன்னது. அப்போ பெரிய எதிரி பெரிய ஸ்ட்ராங்கைல்ங்கிற குடல் புழு, அதோட குஞ்சு குடலுக்கு ரத்தம் கொண்டு போற தமனிக்குள்ளயே போய் உக்காந்து ரத்தம் கட்டி கோலிக் (கடுமையான வயித்து வலி) வந்து குதிரை செத்துப் போகும். அந்தக் காலத்துக்கு அது சரி. இப்போ அந்தப் புழு ரொம்பக் குறைஞ்சிடுச்சு, அந்த இடத்துக்கு வந்திருக்கிறது சின்ன ஸ்ட்ராங்கைல், அது ஒரு இனம் இல்ல, அம்பது வகை இருக்கும் (நம்ம ஊர்க் குதிரைங்க குடல்ல என்னென்ன புழு இருக்குன்னு கெர்ட்ரூட் தைலர்னு ஒரு அம்மா 1923லயே எழுதி வெச்சிருக்காங்க, இன்னிக்கும் பேரு சொல்றாங்க). இந்தச் சின்னது மருந்துக்குப் பழகிடுச்சு. ஃபென்பெண்டசோல்ங்கிற பழைய புழு மருந்து பல இடத்துல இதுகிட்ட எடுபடுறதே இல்ல. நாம அடிக்கடி குடுக்கக் குடுக்க மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி அதுதான் முட்டை போடும், அப்புறம் மேயுற இடம் பூரா அதோட வாரிசுதான்.

அதனால முதல் தப்பு, லத்தியை (குதிரைச் சாணியை) டெஸ்ட் பண்ணாம மருந்து வாங்குறது. நம்ம நாட்டுல ஸ்டாக் ரெமடின்னு கடையில சீட்டு இல்லாமலே கிடைக்குது, அதான் வெட்கிட்ட (கால்நடை டாக்டர்கிட்ட) கேக்கணும்னே யாருக்கும் தோணல. டென்மார்க்ல 1999ல இருந்து வெட் எழுதிக் குடுத்தாத்தான் மருந்து. லத்தி டெஸ்ட்ல ஒரு கிராமுக்கு எத்தனை முட்டைன்னு எண்ணுவாங்க. வளந்த குதிரைக்கு 200க்குக் கீழ இருந்தா பொதுவா விட்டுடலாம், 500க்கு மேல போனா மருந்து கட்டாயம், நடுவுல இருந்தா வெட் பாத்து முடிவு பண்ணுவாரு. ஒரு கூட்டத்துல சுமாரா 20 சதவீதக் குதிரைங்கதான் 80 சதவீத முட்டையைப் போடுதுங்க, அந்த நாலஞ்சு குதிரை எதுன்னு தெரிஞ்சா மத்ததுக்கு மருந்துச் செலவே மிச்சம்.

ஆனா டெஸ்டுக்கு எடுக்கிற விதத்துலயும் கோளாறு பண்றாங்க, நேத்து போட்டு வெயில்ல காஞ்ச லத்தியை அள்ளிட்டு வர்றது, டர்பன் சூட்டுல கார் டாஷ்போர்டு மேல வெச்சுட்டு ஊரெல்லாம் சுத்திட்டுப் போறது. முட்டை பொரிஞ்சிடும், அப்புறம் எண்ணுறதுக்கு என்ன இருக்கும்? போட்ட கொஞ்ச நேரத்துலயே ரெண்டு மூணு உருண்டையில இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஜிப் பையில போட்டு காத்தை நல்லா அமுக்கி வெளியேத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேணாம். வீட்டுல ஆயா திட்டுனா அது உங்க பாடு.

இன்னொரு விஷயம், ஜீரோன்னு ரிசல்ட் வந்தா பூச்சியே இல்லன்னு அர்த்தம் இல்ல. சின்ன ஸ்ட்ராங்கைல் குஞ்சுங்க பெருங்குடல் சுவத்துக்குள்ள மாசக்கணக்கா, சிலது ரெண்டு வருஷம் கூட தூங்கும், முட்டை போடாது, டெஸ்ட்ல தெரியாது. ஒரே நேரத்துல எல்லாம் சுவத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்தா பேதி, வயித்துக்கு அடியில வீக்கம், ஒரு வாரத்துல எலும்பு தெரியும், இப்படி ஆன குதிரைங்கள்ல பாதி வரைக்கும் பிழைக்காது. இப்போதைக்கு அதை நம்பி அடிக்கிற மருந்து மாக்ஸிடெக்டின்தான், சாதாரண ஐவர்மெக்டின் அந்தத் தூங்குறதத் தொடாது. நாடாப்புழுவும் லத்தி டெஸ்ட்ல பெரும்பாலும் மாட்டாது, அதுக்கு பிராஸிகுவான்டெல் சேந்த பேஸ்ட் வேணும்.

அப்புறம் எடை. இதுல நடக்கிற கூத்த நேர்லயே பாத்திருக்கேன். பக்கத்துத் தோட்டத்து மாமா போனிக்கு சிரிஞ்ச் முழுசும் அழுத்துறாரு. "மாமா, இது எத்தனை கிலோவுக்கு?" "முழு குதிரைக்கு தம்பி, குறைச்சுக் குடுத்தா வேலை செய்யாது." சிரிஞ்ச் 600 கிலோவுக்கு, போனி அதுல பாதி கூட இருக்காது. டேப் எடுத்து முன்னங்கால் பின்னாடி சுத்தி நெஞ்சளவு பிடிச்சோம், 140 சென்டி. தோள் முனையில இருந்து பிட்டத்து எலும்பு வரைக்கும் நீளம் 130. நெஞ்சளவை அதாலயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி, 11,880ஆல வகுத்தா 214 கிலோ வருது. ஐவர்மெக்டின் அன்னைக்கு, அதனால தப்பிச்சது, அதுக்குத் தாங்குற அளவு பெருசு. மாக்ஸிடெக்டினா இருந்தா பேச்சே வேற, அது நாலு மாசத்துக்குக் கீழ இருக்கிற குட்டிக்குக் குடுக்கவே கூடாது, எலும்பும் தோலுமா இருக்கிறதுக்கும் ஆபத்து. இன்னொரு பக்கம் பெரிய குதிரைக்கு கண்ணால பாத்து "ஒரு 400 இருக்கும்"னு குறைச்சுக் குடுக்கிறாங்க, அதான் புழுவை மருந்துக்குப் பழக்குற வழி. வாயில பாதி மென்ன புல்லு இருக்கிறப்போ அழுத்துனா பேஸ்ட் புல்லோட சேந்து தரையில விழும், முதல்ல வாயைக் காலி பண்ணிட்டு, நாக்கு மேல பின்பக்கமா போட்டு, முழுங்குற வரைக்கும் தலையைத் தூக்கிப் பிடிங்க.

குட்டிங்க விஷயம் தனி. அதுங்களுக்கு வர்றது வெள்ளை வெளேர்னு நீளமா இருக்கிற உருளைப்புழு, இது ஐவர்மெக்டினுக்கு அசையாத இடம் நிறைய, அதனால ரெண்டு மூணு மாச வயசுல ஃபென்பெண்டசோல் மாதிரி மருந்துதான் பொதுவா முதல்ல. வயிறு உப்பி முடி சொரசொரன்னு இருக்கிற குட்டிக்கு நீங்களா வேகமான மருந்து குடுத்துடாதீங்க, ஒரே நேரத்துல செத்த புழு மூட்டையா குடலை அடைச்சிடும், வெட்டைக் கூப்பிடுங்க.

மெலிஞ்சா பூச்சிதான்னு முடிவு பண்றது எனக்குப் பிடிக்காத தப்பு. நம்ம குவாசுலு நாட்டால்ல உண்ணி கடிச்சு வர்ற பிலியரிங்கிற ரத்த நோய் இருக்கு. ஈறு வெளிறியோ மஞ்சளாவோ இருக்கு, சோர்ந்து நிக்குது, தெர்மாமீட்டர் 38.5க்கு மேல காட்டுதுன்னா பேஸ்ட் தேடி ஓடாதீங்க, அது வெட் கேஸ். கிழக் குதிரைன்னா பல்லையும் பாருங்க. வாலைத் தேய்ச்சா கீரிப்பூச்சியா இருக்கலாம், கொசு மாதிரி சின்னப் பூச்சி கடிச்ச அரிப்பாவும் இருக்கலாம், செலோடேப்பை ஆசனவாய் பக்கத்துல ஒட்டி எடுத்து வெட்கிட்ட குடுத்தா முட்டை இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல சொல்லிடுவாரு.

மேயுற இடத்துல லத்தியை வாரத்துக்கு ரெண்டு தடவை அள்ளுறது எந்த மருந்தைவிடவும் லாபம். மழைக்காலத்துல லத்தியை இழுத்துப் பரப்பிவிடுறது மட்டும் வேணாம், நம்ம ஈரச் சூட்டுல புழுக்குஞ்சு புல்லு மேல ஏறிடும். கரும்புத் தோட்டக்காரங்ககிட்ட மாடு இருந்தா மாத்தி மாத்தி மேய விடுங்க, மாட்டுக்குள்ள போற குதிரைப் புழுக்குஞ்சுல பெரும்பாலானது அங்க வளராது.

ஆனா மாட்டு மருந்தைக் குதிரைக்குப் போடாதீங்க. ஐவர்மெக்டின் ஊசி வந்த புதுசுல, 1980கள்ல, ஊசி போட்ட இடத்துல மோசமான கிருமி தாக்கி குதிரைங்க செத்து, அதனாலதான் குதிரைக்கு அந்த ஊசியை நிறுத்தினாங்க. பூண்டு உரிச்சுக் குடுக்கிற பழக்கமும் உண்டு, அதிகமானா ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும், புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. வேப்பிலையும் அப்படித்தான், சாமிக்கு வைங்க.

புது போனி வாங்கி வந்தா தனியா வெச்சு டெஸ்ட் பண்ணி மருந்து குடுத்து ரெண்டு மூணு நாள் அந்த லத்தியை அள்ளிட்டுத்தான் கூட்டத்தோட விடணும், இல்லன்னா அடுத்தவங்க பண்ணையில பழக்கின புழுவை காசு குடுத்து வாங்கின மாதிரி. மருந்து குடுத்து 14 நாள் கழிச்சு மறுபடி ஒரு எண்ணிக்கை எடுங்க, முட்டை பெருசா குறையலன்னா அந்த மருந்து உங்க இடத்துல வேலை செய்யல, அடுத்த மழைக்கு அதையே வாங்காதீங்க. சிரிஞ்ச்ல மிச்சம் இருக்கிறதையும் தரையில சிந்துனதையும் நாய் நக்காம பாத்துக்குங்க, முக்கியமா பார்டர் காலி வளக்கிறவங்க, அந்த இனத்துல சிலதுக்கு ஐவர்மெக்டின் மூளை வரைக்கும் போகும்.